படியில் நின்று வீடியோ கால் பேசுகிறவர்களே!

இலங்கையின் சிகிரியா பாறைக் கோட்டையில், வாசலில் இருக்கிற பெரிய சிங்கப் பாதங்களைத் தாண்டியதும் பாறையை ஒட்டி ஏறுகிற அந்த ஒடுங்கிய இரும்புப் படி. அதில், பாதி வழியில், ஒருவர் நின்று வீடியோ கால் போடுகிறார். பின்னால் நீள வரிசை. உச்சி வெயில். கைப்பிடிக் கம்பி தொட முடியாத சூடு.

"தெரியுதா? இப்ப தெரியுதா?" என்கிறார். தெரியவில்லை போல. போனைத் திருப்புகிறார். இப்போது பாறைக்குப் பதில் அவர் முகம். மறுபடி திருப்புகிறார். சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிடுகிறார். அம்மா பார்த்தாயிற்று, அம்மா போய் மாமாவைக் கூட்டி வருகிறார், மாமாவுக்கு முதலிலிருந்து எல்லாம் காட்ட வேண்டும். "ராஜா கோட்டை மாமா, ராஜா கோட்டை!" என்று கத்துகிறார். "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். திரும்பாமலே ஒரு விரலைக் காட்டினார், ஒரு நிமிஷமாம். அந்த நிமிஷம் முடியவே இல்லை. எனக்குப் பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற வயதான அம்மா, முடியாமல் இறங்கிப் போய்விட்டார். தந்தையைக் கொன்று அரசனான காசியப்பன், 5ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ 200 மீட்டர் உயரப் பாறையின் தலையில் கட்டிய அரண்மனை. அத்தனை படி ஏறி வந்தும் அந்த அம்மா அதைப் பார்க்கவில்லை. யாரால்?

கீழே முற்றத்தில் பலகை வைத்திருக்கிறார்கள்: சத்தம் போடாதீர்கள், குளவி கலையும். அது சும்மா வைத்த பலகை இல்லை. கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கலைந்தால் அந்தப் படியில் எந்தப் பக்கம் ஓடுவது? இவர் கத்தக் கத்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் அந்தக் கண்ணாடிச் சுவர், கண்ணாடி போலப் பளபளக்கப் பூசிய பழைய சுவர். அதில் பெயர் கீறுகிறவர்களிடம் கேட்டால், அந்தக் காலத்து ஆட்களும் கிறுக்கத்தானே செய்தார்கள் என்று வாதம். அவர்கள் மேலே இருக்கிற ஓவியப் பெண்களைப் பார்த்துவிட்டுப் பாட்டு எழுதினார்கள் ஐயா! தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து 685 பாடல்களைப் படித்தெடுத்தார். ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிற அந்த வரிகளின் மேல் உங்கள் பெயரும் காதலியின் பெயரும் எதற்கு? கையை எடுங்கள்.