படகுப் பையன் கேட்டால் அது பிச்சையா?

அந்த வீடியோவை இங்கே பகிரப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் கடலில் தூண்டில் போடப் போன நம்ம மதுரைக் கூட்டம், கரையில் இறங்கும்போது படகுப் பையன் “அண்ணே, பாத்துக் குடுங்கண்ணே” என்று கேட்டதைப் படம் பிடித்து, ‘கடல்லயும் பிச்சை’ என்று போட்டிருக்கிறது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் எனக்குச் சொந்தக்காரர்களும் உண்டு.

நீங்கள் கொடுத்த வாடகை படகுக்காரருக்கு. அதில் டீசல், ஐஸ், இரை எல்லாம் போகும். பையனுக்குக் கையில்தான் கொடுக்க வேண்டும். இதில் என்ன குழப்பம்?

அவன் மீன்பிடித் தொழிலுக்குப் போனால், செலவு கழித்து வருவதில் பங்கு உண்டு. உங்களோடு வந்தால் பிடித்த பாறை மீனும் களவா மீனும் உங்கள் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். அவனுக்குப் பங்கு எங்கே? இருட்டில் வந்து படகைத் தள்ளியவன் அவன். நங்கூரம் இழுத்தவன், உங்கள் தூண்டில் நரம்புச் சிக்கை எடுத்தவன், கெளுத்தி முள் குத்தாமல் கொக்கியைக் கழற்றிக் கொடுத்தவன், வாந்தி எடுத்த உங்கள் மச்சானின் தலையைப் பிடித்தவன் எல்லாம் அவன்தான். கரைக்கு வந்து மீனைச் செதில் எடுத்து வெட்டியும் கொடுத்திருக்கிறான். அதுவும் வீடியோவில் தெரிகிறது, நன்றாகப் பாருங்கள்.

“மீனே சரியாக் கிடைக்கலையே” என்பார்கள். கடலிடம் போய்க் கேளுங்கள். கிடைக்காத நாளில்தான் அவன் நான்கு இடம் மாற்றி மாற்றி நங்கூரம் போடுகிறான்.

“முதலாளிதானே சம்பளம் தரணும்?” சரி, தரணும். மறுக்கவில்லை. அதை முதலாளியிடம் சொல்லாமல் பையனைப் படம் பிடித்தது ஏன்?

“இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்” என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் மீன்பிடிக்க வாடகைப் படகில் போனால் வாடகையில் 15 முதல் 20 சதவீதம் வரை உதவியாளுக்குக் கொடுப்பது வழக்கம். மீனே கிடைக்காவிட்டாலும் கொடுக்கிறார்கள். அவ்வளவு உங்களிடம் யார் கேட்டது? தலைக்கு 200 ரூபாய் போதும். தூண்டில் ராடும் ரீலும் வாங்கிய பில்லை நீங்களே போட்டோ போட்டிருந்தீர்கள், அதனால் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் அப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். மதுரையிலிருந்து ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று போய்விட்டு நடுராத்திரி ஆட்களை இறக்குவார். இறங்குகிறவர்கள் பையை எடுத்துக்கொண்டு நகரும்வரை, துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார். வாய் திறந்து கேட்கமாட்டார். பாதிப்பேர் “வர்றோம் டிரைவர்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சிறு வயதில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் கேட்டதே எனக்குச் சந்தோஷம்.

இதே நம்ம ஊர் ஆட்கள் கல்யாணத்தில் செய்முறை, மொய் என்றால் விடுவார்களா? மைக்கில் பேர் வாசிக்கவில்லை என்றால் கல்யாண மண்டபத்திலேயே சண்டை. படகில் மைக் இல்லை, அதுதான் பிரச்சினை போல. மெஸ்ஸில் சோம்புத் தட்டில் பத்து ரூபாய் வைக்கும்போது பக்கத்து டேபிள் பார்க்கிறதா என்று ஒரு பார்வை வேறு. எல்லாரையும் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பரவாயில்லை, எல்லாரையும்தான் சொல்கிறேன்.

“கொடுத்துப் பழக்கிட்டா ரேட் ஏறும்” என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஏறட்டும். மதுரை பாசக்கார ஊர் என்று ஸ்டேட்டஸ் போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

அடுத்த மாதம் போகிற குழுவில் என் பெயரையும் சேர்த்திருக்கிறீர்கள். நான் வரவில்லை. கொடுத்த முன்பணத்தை அந்தப் பையனிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் ஐஸ் பெட்டி என்னுடையது, அது எனக்கு வேண்டும்.