"அது உன் சிலுவை" என்று யாரிடமும் சொல்லாதீர்கள்

ரங்கூனில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வரும். தெருவே சேர்ந்து "மீ லாபீ!", கரண்ட் வந்தாச்சு என்று கத்தும். உடனே யாராவது கீழே போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டும். தவறினால் விடியற்காலையில் எல்லா வீட்டுக் குழாயிலும் காற்றுதான் வரும். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு ஐந்தாம் மாடி. வீட்டுக்கு ஒரு ராத்திரி என்று முறை வைத்திருக்கிறோம்.

போன வாரம் என் முறை. செருப்பைத் தேடிக்கொண்டே "இதுவும் எனக்கு வாய்த்த சிலுவை" என்று முணுமுணுத்தேன். இருட்டிலிருந்து மனைவி கேட்டாள்: "ஏழாம் மாடி அப்வா பாட்டிக்கும் இதே கரண்ட்தானே கட்டாகுது? அவங்க புத்த மதம். அவங்க எதைச் சுமக்கிறாங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் படிகளில் ஆரம்பித்த யோசனைதான் இந்தப் பதிவு. தவக்காலம் வேறு; வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதைக்குப் போகிறோம், பதினான்கு நிலைக்கும் முழங்காலிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லை எதற்கெல்லாம் செலவழிக்கிறோம் பாருங்கள். சர்க்கரை வியாதி சிலுவை. மாமியார் சிலுவை. மழைக்கு ஒழுகும் கூரையும் சிலுவை. பர்மாக்காரர்கள் இதையெல்லாம் "டௌக்கா" என்பார்கள், நம்முடைய துக்கம் என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு. அதுதான் நேர்மையான பெயர் என்று எனக்குப் படுகிறது. விலைவாசியும் இருட்டும் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்து வருவதில்லை.

சிலுவைக்குப் பர்மிய மொழியில் என்ன பெயர் என்று கவனித்திருக்கிறீர்களா? லெவாகட்டைங். பிரித்துச் சொன்னால், உள்ளங்கையை ஒட்டவைத்த கம்பம். நம்முடைய "சிலுவை" சிரியாக் மொழியிலிருந்து வந்த சொல். நம் காதுக்கு அதில் வலி எதுவும் கேட்பதில்லை. வழுவழுப்பாக இருக்கிறது, பவுனில் செய்து கழுத்தில் போட்டுக்கொள்ளத் தோதான சொல். பர்மியச் சொல்லில் கை இன்னும் அந்தக் கம்பத்திலேயே இருக்கிறது.

1968-ல் எருசலேம் பக்கத்தில் ஒரு கல்லறைப் பெட்டிக்குள் குதிகால் எலும்பு ஒன்று கிடைத்தது. முதலாம் நூற்றாண்டுக்காரர் ஒருவருடையது. ஆணி அதில் அப்படியே இருந்தது. நுனி வளைந்துபோனதால் பிடுங்க முடியாமல் ஆணியோடேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். ஊருக்கு நடுவே அம்மணமாகத் தொங்கவிட்டு, நாலு பேர் பார்க்கச் சாகடிக்கிற தண்டனை அது. ஆதிக் கிறிஸ்தவர்கள் மீனை வரைந்தார்கள், நங்கூரத்தை வரைந்தார்கள். ஆண்டவர் சிலுவையில் தொங்குவதை வரைய அவர்களுக்குப் பல தலைமுறை பிடித்தது. நாம் அதை டாக்ஸிக் கண்ணாடியில் தொங்கவிட்டு ஊர் சுற்றுகிறோம். குறை சொல்லவில்லை, என் வீட்டுக் கதவுக்கு மேலேயும் பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கிறது.

லூக்கா 9-ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். தன்னைப் பின்பற்ற விரும்புகிறவன் தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வரட்டும் என்று இயேசு சொல்கிற இடம். "சிலுவையைத் தூக்கிக்கொண்டு" என்று மத்தேயுவும் மாற்கும்கூடச் சொல்கிறார்கள். "நாள்தோறும்" என்ற சொல்லைச் சேர்ப்பவர் லூக்கா மட்டும். மனிதன் சாவது ஒரு தடவை. நாள்தோறும் என்றால் அது எந்த மாதிரிச் சிலுவை? 2021-ல் வடக்கே மிச்சீனா நகரத் தெருவில் ஆயுதம் தாங்கியவர்கள் முன்னால் மண்டியிட்ட கன்னியாஸ்திரியின் படத்தை உலகமே பார்த்தது. அதெல்லாம் பெரிய சிலுவை, நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? லூக்கா சொல்வது படம் எடுக்க யாரும் வராத சிலுவை என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்த விஷயம் இது இல்லை.

என் சின்னம்மா மகள் ஒருத்தி இருக்கிறாள். புருஷன் குடி, அடி. ஒருநாள் உதடு கிழிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, கோயிலில் மதிப்பாயிருந்த பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அது உன் சிலுவைம்மா. பொறுத்துக்கொண்டு சும." அவள் திரும்பிப் போனாள். அப்புறம் பதினோரு வருஷம் சுமந்தாள். இன்றைக்கும் சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள், முன்பல் இரண்டு இல்லை. லெவாகட்டைங் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

அன்றைக்கு நானும் அந்த அறையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு எப்படிப் பேசுவது என்று இருந்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். பாடுகளின் கதையில், இன்னொருத்தர் தோளில் மரத்தை ஏற்றி "சும" என்று சொன்னது யார்? ரோமைப் படைவீரர்கள். வேறு யாரும் இல்லை. இயேசு நோயாளியைக் கண்டால் குணமாக்கினார், பசித்தவனைக் கண்டால் சோறு போட்டார். "அது உன் சிலுவை, சுமந்துகொள்" என்று அவர்களை அனுப்பியதாக எந்த நற்செய்தியிலும் இல்லை. தன் தோளைப் பற்றி மட்டும்தான் ஒருவன் அந்தச் சொல்லைச் சொல்லலாம். அடுத்தவளைப் பார்த்துச் சொன்னால் நாம் படைவீரன் வேலை பார்க்கிறோம், அவ்வளவுதான். கடுமையாக இருக்கிறதா? இருக்கட்டும்.

சரி, ஐந்தாம் நிலை என்னாவது என்று யாராவது கேட்பீர்கள். சிரேன் ஊர் சீமோன் இயேசுவின் சிலுவையை விரும்பியா தூக்கினார்? இல்லை. வெளியிலிருந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்த மனிதரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அவர் தூக்கியது தன் சிலுவை இல்லை, இன்னொருவருடையது. மாற்கு அவரை "அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை" என்கிறார். பிள்ளைகளின் பெயரைச் சொன்னால் வாசிப்பவர்களுக்கு ஆள் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அந்த நாள் அவர் வீட்டுக்குள்ளும் போயிருக்கிறது.

நம் நாட்டிலேயே ஒருவர் உண்டு, உபதேசியார் இசிதோர் ஞே கோ லாட். 1950-ல் கயா மலைப்பக்கம், கைதான இன்னொரு உபதேசியாரை விடுவிக்கக் கேட்டு மரியோ வெர்காரா சாமியார் கிளம்பியபோது இவரும் கூடப் போனார். இரண்டு பேரையும் சுட்டுச் சால்வின் ஆற்றில் போட்டார்கள். 2014-ல் அருளாளர் பட்டம் கொடுத்தார்கள், பர்மாவுக்கு அவர்தான் முதல் அருளாளர். வீட்டிலேயே இருந்திருக்கலாம். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

2017-ல் பெரிய வெள்ளி ஏப்ரல் 14-ல் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நமக்குச் சித்திரை, பர்மாக்காரர்களுக்குத் திஞ்ஞான் என்ற தண்ணீர்த் திருவிழா. கோயிலுக்குப் போகும் வழியில் தெரு முனைப் பையன்கள் குழாயைத் திருப்பி என்னைத் தலையோடு நனைத்துவிட்டார்கள். நான் குனிந்து சிலுவையை முத்தி செய்தபோது தலையிலிருந்து தண்ணீர் மரத்தில் சொட்டியது. பக்கத்தில் துணியோடு நின்ற பீடச் சிறுவன் துடைத்தான், மறுபடி சொட்டியது, மறுபடி துடைத்தான். பாவம், சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு! பின்னால் வரிசையில் நின்றவள் என் சின்னம்மா மகள். புருஷன் வீட்டை விட்டு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளும் முத்தி செய்துவிட்டு வந்தாள். வெளியே வந்ததும் அதே பையன்கள் அவள் மேலும் ஊற்றினார்கள். வாயை மூடாமல் சிரித்தாள். ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

இதை எழுதி முடிக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. தெரு கத்துகிறது. இன்றைக்கு என் முறை இல்லை, மூன்றாம் மாடிக்காரர் முறை. அவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். மனைவி தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள். செருப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், கேட்கத்தான் பயமாக இருக்கிறது.