யாருக்கு இதமாம்?

இந்த மாசி மாதத்தை என்னதான் செய்வது? விடிகாலையில் குடியாத்தம் பக்கம் வண்டியில் போனால் காது அடைக்கிறது, விரல் மரத்துப்போகிறது. பதினோரு மணிக்கு அதே ரோட்டில் மண்டை பிளக்கிறது. காலையில் போட்ட ஸ்வெட்டரை மத்தியானம் எங்கே கொண்டுபோய் வைப்பது? தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு இறங்காது. ராத்திரி உறை ஊற்றிய பால் காலையில் பாலாகவே இருக்கிறது. மத்தியானம் பார்த்தால் வாயில் வைக்க முடியாத புளிப்பு.

கடல் தள்ளியிருக்கிற ஊர். இரவில் வானம் தெளிந்தால் நிலத்துச் சூடெல்லாம் மேலே போய்விடும். பகலில் சுற்றியிருக்கும் மொட்டைப் பாறை மலைகள் அனல் கக்கும். சரி, உடம்பு தாங்கிக்கொள்ளும். நெல் தாங்குமா? பகலெல்லாம் காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் குவித்துத் தார்ப்பாய் போடுகிறோம். காலையில் தூக்கினால் தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். மேல் நெல் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அரசு கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்புறம் என்ன, மறுபடி பரப்பு, மறுபடி காவல் இரு, மறுபடி ஆடு மாடு விரட்டு!

மாமரம் வேறு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. பூத்துக் குலுங்கியது. பனி விழுந்து பூங்கொத்தில் சாம்பல் நோய் வந்து, தொட்டாலே உதிர்கிறது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சைத் துளைத்துவிட்டுப் போகட்டுமே, களத்து நெல்லை ஏன் நனைக்க வேண்டும்? டிவியில் இதமான வானிலையாம். யாருக்கு இதம்?