கொடுத்தால் மட்டும் போதுமா?

மட்டக்களப்பில் கடை, வங்கிக் காவலுக்கு நிற்கும் செக்கியூரிட்டிமாருக்குத் தீயணைப்பான் கொடுக்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. சரி, கொடுத்த பிறகு? 6 கிலோ பவுடர் சிலிண்டர் 15 முதல் 20 செக்கன் வரைதான் அடிக்கும். சுவாலையின் தலையில் அடித்தால் அவ்வளவும் வீண். பிடியில் செருகியிருக்கும் பாதுகாப்பு ஊசியை (pin) இழுத்து, நெருப்பின் அடியில் இடம் வலமாக வீச வேணும். கல்லடி, கல்முனைக் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் அந்த ஊசி துருப்பிடித்து இறுகும், மாதம் ஒருதரமாவது பார்க்க வேணும். அழுத்தமானி முள் பச்சையில் நிற்பதெல்லாம் பவுடர் போன்றவற்றுக்குத்தான் கணக்கு. காபனீரொட்சைட்டு சிலிண்டரில் முள்ளே இல்லை, நிறை பார்த்துத்தான் அறியலாம். அதில் வாயு வெளிவரும் கூம்பைக் கையால் பிடித்தால் கடுங்குளிரில் தோல் புண்ணாகும், இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை! இன்னொன்று, பின்கதவைப் பூட்டித் திறப்பை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். காவலறைச் சுவரில் 110 தீயணைப்பு, 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.