வெள்ளைக்காரன் போட்ட ரயிலும் உப்பு விலையும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் இந்தச் சண்டை வரும். "என்ன இருந்தாலும் ரயில் விட்டவன் வெள்ளைக்காரன்தான்யா" என்பார் சித்தப்பா. "சுரண்டியதை ஏற்றிக்கொண்டு போகத்தானே விட்டான்" என்பான் அத்தை மகன். ஐம்பது மெசேஜ் ஓடும். ஒரு எண் கூட வராது. போன வாரம் மறுபடி ஆரம்பித்தபோது எனக்கு உப்பு ஞாபகம் வந்தது.

டேவ் டொனால்ட்சன் என்ற பொருளாதார ஆய்வாளர், 1853இல் தொடங்கி 1930 வரை இந்திய ரயிலால் என்ன பலன் என்று கணக்குப் போட்டவர். சரக்கு கொண்டுபோகும் செலவு எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தால்தான் கணக்கு நகரும். ஆனால் மாட்டுவண்டிக்காரர்கள் யார் பேரேடு எழுதி வைத்தார்கள்? அவர் உப்பைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு உப்பு அரசாங்கத்தின் பிடியில் இருந்தது. குறிப்பிட்ட சில இடங்களில்தான் உற்பத்தி. சாம்பர் ஏரி உப்பு, கோஹாட் சுரங்க உப்பு என்று பிறந்த ஊரின் பேரோடுதான் விலைப்பட்டியலில் ஏறும். அப்படியென்றால், சாம்பரில் ஒரு விலை, நூறு மைல் தள்ளிய சந்தையில் அதே உப்புக்கு இன்னொரு விலை. நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் வழிச்செலவு. கோதுமையில் இந்த வித்தை பலிக்காது. சந்தையில் குவிந்து கிடக்கும் கோதுமை எந்த ஊர்க் களத்திலிருந்து வந்ததென்று யார் கண்டார்கள்?

மாட்டுவண்டி நாளுக்கு 30 கிலோமீட்டர் போனால் பெரிது. ரயில் 600 போகும். ரயில் எட்டிய மாவட்டங்களில் விவசாய வருமானம் சராசரியாகச் சுமார் 16 சதவீதம் கூடியது என்று முடிவு வந்தது. சரி, எப்படியும் செழிப்பாக வரப்போகிற மாவட்டமாகப் பார்த்துத் தண்டவாளம் போட்டிருந்தால்? கூடியது ரயிலால்தான் என்று சொல்ல முடியாதே. அதற்கும் ஆள் தயாராக இருந்தார். திட்டம் தீட்டி, வரைபடத்தில் கோடு போட்டு, அப்புறம் கைவிட்ட பாதைகளே சுமார் 40,000 கிலோமீட்டர் இருந்தன. அந்தக் கோடுகள் ஓடிய மாவட்டங்களில் வருமானம் அப்படி ஏறவில்லை. வராத ரயிலைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிய இந்த இடத்தைப் படித்தபோது தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

ஆக, சித்தப்பா ஜெயித்துவிட்டாரா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

எண்ணை வைத்து எழுதும் இந்த வகை வரலாற்றுக்கு முன்னோடி, அமெரிக்கர் ராபர்ட் ஃபோகல். ரயிலே இல்லாமல் கால்வாயும் குதிரைவண்டியும் மட்டும் இருந்திருந்தால் 1890இல் அமெரிக்கா எவ்வளவு இழந்திருக்கும் என்று 1964இல் கேட்டார். விவசாயச் சரக்கைப் பொறுத்தவரை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதம் கூட இல்லை என்று விடை வந்தது. ஊரே சண்டைக்கு வந்தது. 1993இல் நோபல் வந்தது. அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: விடையைப் பார்க்கும் முன், எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்.

டொனால்ட்சனின் 16 சதவீதம் மாட்டுவண்டியோடு ஒப்பிட்டது. சித்தப்பாவின் வாதத்துக்கு அந்த ஒப்பீடு போதாது. 1872இல் ஜப்பான் பிரிட்டிஷ் கடனும் பொறியாளர்களும் வாங்கித்தான் முதல் ரயிலை விட்டது, ஆனால் தன் அரசாங்கத்தின் கையில் வைத்து விட்டது. இங்கேயோ பிரிட்டிஷ் கம்பெனிகள் போட்ட முதலுக்கு 5 சதவீத வருமானம் உத்தரவாதம். குறைந்தால் ஈடுகட்டியது நம் ஆட்களின் வரிப்பணம். எப்படியும் 5 வரும் என்றால் எவன் சிக்கனம் பார்ப்பான்? ஜப்பான் மாதிரி நம் கையிலேயே ரயில் இருந்திருந்தால் என்பதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடட்டும், பேசலாம்.

அத்தை மகனையும் விட மாட்டேன். மழை பொய்த்தால் பஞ்சச் சாவு வரும் என்ற கோரம், ரயில் வந்த மாவட்டங்களில் வெகுவாகக் குறைந்தது என்று டொனால்ட்சனும் இன்னொரு பொருளாதார ஆய்வாளர் ராபின் பர்கஸும் காட்டியிருக்கிறார்கள். அதை நான் ஏற்கிறேன். ஆனால் நான் அவசரமாகச் சாப்பிட்டால் அப்பத்தா, "தாது வருசத்துல பொறந்தவன் மாதிரி அள்ளாதடா" என்பாள். அந்தத் தாது வருஷப் பஞ்சம் 1876–78. ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்து அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது. மூட்டை ஸ்டேஷன் வரை வந்துவிடும். வாங்கக் கையில் காசு வேண்டுமே. பஞ்ச நிவாரண வேலைக்கு பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். மண் வெட்டுகிறவனுக்கு!

இவ்வளவையும் குழுவில் தட்டிவிட்டு, "சித்தப்பா, எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க?" என்று கேட்டேன். ரெண்டு நாளாக நீல டிக் மட்டும்தான் தெரிகிறது. அத்தை மகன் ஒரு குட் மார்னிங் அனுப்பியிருக்கிறான்.