மேம்பாலத்தோடு நொய்யலையும் பாருங்கள்

குளிர்ந்த காற்று, சிறுவாணித் தண்ணீர், அவிநாசி சாலையின் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையில் கோவையைக் கட்டுரையாளர் வியந்து எழுதியிருக்கிறார். எல்லாம் உண்மைதான். மகள் வீட்டுக்காகத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து அடிக்கடி வந்துபோகிறவன் நான். என் மனதில் நிற்பவை வேறு.

எனக்கு மிகவும் பிடித்தவை கணபதி, பீளமேடு பக்கத்துச் சிறு பட்டறைகள். வீட்டின் முன்பகுதியிலேயே ஒரு லேத் என்னும் கடைசல் எந்திரம், வாசலில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். பம்புசெட்டின் பாகம் ஒன்றை அளந்து பார்த்த முதியவர், முகத்தைச் சுளித்து, மறுபடியும் கடைசலுக்கு மாட்டினார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை! 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின; அவற்றை ஒட்டி வளர்ந்த பட்டறைகள்தாம் மோட்டாரும் வெட் கிரைண்டரும் செய்து ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தன. கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

மனம் பொறுக்காதது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் ஆறு, ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடையாகிவிடுகிறது. உக்கடம் ஆற்றுப்பாலத்தில் நின்றால் கறுத்த நீர், ஆகாயத்தாமரை, இடையில் சிக்கிய பிளாஸ்டிக் பைகள். இந்தத் தண்ணீர் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. காவிரிதான் எங்கள் வயலுக்கும் வருகிறது. எனக்கு எப்படி வயிறு எரியாமல் இருக்கும்?

உக்கடம் பெரியகுளத்துக் கரையை அழகாக்கியிருக்கிறார்கள், மாலையில் குடும்பங்கள் நடக்கின்றன, நல்லது. கரைக்குச் செய்த செலவைக் கழிவுநீரைத் தடுக்கவும் செய்ய வேண்டும். இவ்வளவு பெரிய பாலத்தைக் கட்டிய ஊரால் முடியாததா இது? அடுத்த கட்டுரையை நொய்யலைப் பற்றி எழுதுங்கள், ஐயா.