அப்பா கட்டிய வீடு, அப்பா பிறந்த வீடு

நேற்று மாலையிலிருந்து பலருடைய சுவரில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நாற்பது விநாடிக் காணொளியைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘தமிழில் இங்கிலீஷ் நடத்தும் டீச்சர்’ என்று தலைப்பு வைத்தவருக்குக் குவிந்திருக்கும் சிரிப்புக் குறிகளைப் பார்த்த பிறகு, அந்தக் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காணொளியில் இருப்பது ரிலேட்டிவ் ப்ரோனவுன் பாடம், அதாவது ஒரு பெயரோடு அதை விளக்கும் தொடரை இணைக்கிற ஹூ, விச், வேர் போன்ற சொற்கள். அதை நான் பெயரெச்சத்திலிருந்துதான், ‘கட்டிய வீடு’ என்பதில் வரும் ‘கட்டிய’ போல ஒரு பெயருக்கு முன்னால் நிற்கும் முற்றுப்பெறாத வினையிலிருந்துதான் தொடங்குவேன். ‘ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இடத்துக்கு வேர்’ என்று கைடுகளில் ஒரு சூத்திரம் உண்டு. நானும் பத்தாம் வகுப்பில் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள்தான். ‘திஸ் இஸ் தி ஹவுஸ்’ என்று எழுதி, ஒரு கோடிட்ட இடம் விட்டு, ‘மை ஃபாதர் பில்ட்’ என்று முடித்துக் கொடுத்துப் பாருங்கள். வீடு இடம்தானே என்று சூத்திரம் படித்த பிள்ளை ‘வேர்’ போடும். அங்கே வர வேண்டியது ‘விச்’ அல்லது ‘தட்’.

இதையே தமிழில் கேளுங்கள். ‘அப்பா கட்டிய வீடு’, ‘அப்பா பிறந்த வீடு’ என்ற இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொன்னால், வீட்டைக் கட்டினார், வீட்டில் பிறந்தார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை யோசிக்காமல் சொல்லும். ‘ஐ’ வந்தால் விச், ‘இல்’ வந்தால் வேர். ‘அம்மா வெங்காயம் நறுக்கிய கத்தி’ என்றால் கத்தியால் நறுக்கினாள், ஆகவே வித் விச். பெயரெச்சம் விழுங்கிவிடுகிற வேற்றுமை உருபை ஆங்கிலம் வெளியே எடுத்து வைக்கிறது, பாடமே அவ்வளவுதான். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறு வகைப் பெயர்களுக்கும் ‘செய்த’ என்ற ஒரே வாய்பாடு போதும் என்பது நன்னூலில் இருக்கிறது. பவணந்தி முனிவர் எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கும் போனவர் அல்லர் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

‘ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே நடத்தினால்தான் ஆங்கிலத்தில் சிந்திப்பார்கள்’ என்கிறீர்கள். அப்பாவும் அம்மாவும் ஆங்கிலத்தில் சண்டை போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பொருந்தலாம்.

‘தமிழ் பேசாத பிள்ளை வகுப்பில் இருந்தால்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வி. தெலுங்குப் பிள்ளைக்குச் சிக்கல் இல்லை, ‘வச்சின அப்பாயி’ என்பதும் ‘வந்த பையன்’ என்பதும் ஒரே கட்டுத்தான். ஆனால் வீட்டில் உருது பேசும் இரண்டு மாணவிகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் மொழியில் இதற்கென்றே ‘ஜோ’ என்று ஒரு சொல் இருப்பதால் என் பெயரெச்சம் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. அன்று பாதிப் பாடவேளை அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அந்தக் குறை எனக்கு உண்டு.

‘பிள்ளைகள் இதில் அதிகம் தவறு செய்வதில்லையே’ என்ற வாதத்துக்கு 1974இலேயே ஜாக்குலின் ஷாக்டர் என்ற மொழியியலாளர் பதில் எழுதிவிட்டார். பாரசீக, அரபு மாணவர்களைவிடச் சீன, ஜப்பானிய மாணவர்கள் இவ்வகை வாக்கியங்களில் குறைவாகத் தவறு செய்ததற்குக் காரணம், அவர்கள் அவற்றைக் குறைவாக எழுதியதே. நம்மைப் போலவே அவர்களும் தங்கள் மொழியில் விளக்கும் தொடரை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் சொல்கிறவர்கள். எங்கள் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திறந்தாலும் ‘ஐ ஹேவ் எ ஃப்ரெண்ட். ஹி இஸ் ஃப்ரம் பழனி’ என்று தந்தி அடித்தது போலத்தான் இருக்கும். தவறு ஒன்றும் இராது, தப்பித்து ஓடியது மட்டும் தெரியும்.

நான் ஓடத் தெரியாமல் மாட்டிக்கொண்டவள். முதல் வேலைக்கான நேர்காணலில் ‘தி ஸ்கூல் ஐ ஸ்டடீட்’ என்று தொடங்கினேன். ‘பள்ளிக்கூடத்தையே படித்தீர்களா?’ என்று நடுவில் இருந்தவர் கேட்க, மற்ற இருவரும் சிரித்தார்கள். ‘நான் படித்த பள்ளி’ என்பதற்குள் ஓர் ‘இல்’ ஒளிந்திருக்கிறது என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நேற்று வந்து சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு யாராவது சொல்லித் தந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நாங்கள் ஆங்கிலம் பேசினால் உச்சரிப்புக்குச் சிரிப்பு, தமிழில் விளக்கினால் தமிழுக்குச் சிரிப்பு. எப்போதுதான் வாயைத் திறக்கலாம் என்று ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்தால் வசதியாக இருக்கும்.

நாளை மூன்றாம் பாடவேளையில் ‘ஹூஸ்’ நடத்துகிறேன். ‘கன்று தொலைந்த பையன்’ என்றுதான் தொடங்குவேன். படம் பிடிக்க வருகிறவர்கள் இந்த முறை நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்து பிடிக்கட்டும்.